மோட்டர் வைத்த மச்சான்

ஷார்ஜாவிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளில் பாதியாவது என் மச்சான் ஜாபர் சாதிக் கையால் கட்டியவையாக இருக்கும். சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பரணிலும் ஏறிப் பார்க்கலாம். நீல நைலான் கயிறு, நாலு பக்கமும் பழுப்பு டேப், மேலே கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் பெயரும் போன் நம்பரும். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே ஒரு கார்கோ கடையில் அவருக்கு இதுதான் வேலை. பால் பவுடர், தைலம், கம்பளி, பேரீச்சம்பழம் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டுவதைப் பெட்டிக்குள் அடுக்கி, கட்டி, தூக்கித் தராசில் வைக்க வேண்டும். வைப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்வார். பல தடவை தப்பாகத்தான் சொல்வார். அப்போதெல்லாம் தராசைத் திட்டுவார்.

இந்தக் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மச்சான் நல்லவர், தாராளமானவர். ஆனால் தன்னால் முடியவில்லை என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அப்படி ஒரு நிலைமை வந்தால் அதற்கு வேறு யாராவது அல்லது ஏதாவது ஒரு பொருள் பொறுப்பாக இருக்கும்.

அவர் என் அக்கா பல்கீஸ் பீவியின் கணவர். நான் திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறேன். ஊரில் கரண்ட் போனால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும் என்று மச்சான் கிண்டல் செய்வார். அது உண்மைதான்.

ஷார்ஜாவில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்தவர், கட்டி முடித்த பெட்டி மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அவர் பிழைத்தார், இதயத்தின் தசையில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. ஊர் திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெளியே நின்ற எங்களைப் பார்த்ததும் அதிலிருந்து இறங்கி நடக்கப் பார்த்தார். அக்கா ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“ஏர்லைன்ஸ்காரன் சும்மா குடுத்தான். வேணாம்னு சொன்னா மரியாத இல்லன்னு ஒக்காந்தேன்,” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவருக்கு மிகவும் கேவலமாகப் போனது. கேவலம் என்பது அவருடைய வார்த்தை. பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்கள் வரிசையின் ஓரத்தில் உட்காருவார்கள். முட்டி தேய்ந்தவர்கள், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், எண்பதைத் தாண்டியவர்கள். மற்றவர்கள் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்யும்போது இவர்கள் நாற்காலியில் இருந்தபடியே தலையைத் தாழ்த்திக்கொள்வார்கள். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு. யாரும் அதைக் குறைவாக நினைப்பதும் இல்லை. மச்சான் மட்டும் நினைத்தார். குனிந்தால் மூச்சு முட்டியது, அதனால் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி முன்னால் இருக்கிறவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெழவனுங்களோட கெழவனா ஓரங்கட்டிட்டானுங்க மச்சான்,” என்று என்னிடம் சொன்னார். யார் ஓரங்கட்டினார்கள் என்று கேட்டால் நாற்காலியைத் திட்டுவார்.

பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், இந்த இதயம் இனி தேறாது என்று. வேறொருவரின் இதயத்தை வைக்க அவருடைய நுரையீரலின் நிலைமை இடம்கொடுக்கவில்லை. பம்பு வைக்கலாம் என்றார்கள். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். இதயத்தின் அடியில் பொருத்திவிட்டால், அது ரத்தத்தை உள்ளேயிருந்து உறிஞ்சி, ஒரு குழாய் வழியாக, உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகிற பெரிய நாளத்தில் சேர்த்துவிடும். பம்பிலிருந்து ஒரு வயர் வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இடுப்பில் ஒரு சின்ன கண்ட்ரோலர், தோளில் தொங்கும் பையில் இரண்டு பேட்டரி. தூங்கும்போது சுவர் கரண்டில் இணைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் எல்லோரும் அதை மோட்டர் என்றார்கள். கடைசியில் மச்சானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நான் போய் இரண்டு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தேன். ஒன்று போதும், ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து இரண்டாவதையும் மாட்டினேன். வயர் வெளியே வருகிற இடத்தைத் தினமும் சுத்தம் செய்து கட்டுப் போட அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்திருந்தார்கள். கையுறை போட்டுக்கொண்டால் அவள் முகமே மாறிவிடும். அந்த நேரத்தில் மச்சான்கூட வாயைத் திறக்க மாட்டார்.

அந்த ரமலானுக்கு முன்னால் மச்சான் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தார். விடிகாலை சுபுஹ் தொழுகைக்குப் போய், பேட்டரிப் பையைப் பக்கத்தில் வைத்து, எல்லோரோடும் நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தார். அதை அவர் எனக்கு மூன்று தடவை போனில் சொன்னார். அன்றைக்குப் பள்ளிவாசலில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்ததாக அக்கா சொன்னாள். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

கண்ட்ரோலரில் ஒரு சின்னத் திரை உண்டு. பட்டனை அழுத்தினால் பம்பின் வேகம், நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் அதன் வழியாகப் போகிறது என்பதெல்லாம் தெரியும். காலையில் எழுந்ததும் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக்காரர்களின் கட்டளை. அவர்களுக்குச் சொன்னாரோ இல்லையோ, எங்களுக்குச் சொல்லிவிடுவார். ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மகன் அப்துல் ஹக்கீம் இதற்காகவே வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கி ‘மோட்டர் ரூம்’ என்று பெயர் வைத்தான். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஹுமைரா, நான், அக்கா, எல்லோரும் அதில் இருந்தோம். தினமும் காலையில் மச்சானின் குரல் வரும். ரேடியோ செய்தி வாசிப்பவர் தோரணையில், “காலை நிலவரம். லிட்டர் நாலே கால்,” என்பார். பிள்ளைகள் அல்ஹம்துலில்லாஹ் என்று போடுவார்கள். நான் கட்டைவிரலைப் போடுவேன்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை சமயத்தில் லிட்டர் ஏற ஆரம்பித்தது. நாலரை ஆனது, ஐந்து ஆனது. ஐந்தே முக்கால் ஆனபோது ஹக்கீம் அங்கேயிருந்து பட்டாசு வெடிக்கிற படம் அனுப்பினான். ஹுமைரா பிரியாணி செய்து எடுத்துக்கொண்டு விழுப்புரத்திலிருந்து வந்தாள். மச்சானின் குரலில் ஒரு மிடுக்கு ஏறியது. “வாலிபம் திரும்புது மச்சான். உனக்கு எத்தினி லிட்டர் ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள வழி இல்லாத என் இதயத்தின் மேல் அவருக்குப் பெரிய இரக்கம்.

ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள கலைப்பிரியா என்று ஒரு பெண் இருந்தாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா என்று வரிசையாகக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் மச்சான், “இல்லம்மா, ஃபஸ்ட் கிளாஸ்,” என்பார். லிட்டர் ஏறியதைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. “ஏறினாலும் ஒருதரம் வந்து எக்கோ எடுத்துப் பாத்துடலாம் ஐயா,” என்றாளாம். மச்சான் மழை விடட்டும் என்றார். பிறகு ஒரு கல்யாணம் இருக்கிறது என்றார். அக்காவிடம் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

இதே சமயத்தில் ஊரில் மச்சானின் பெயர் வேறொரு விதத்தில் உயர்ந்தது. யார் வீட்டில் மவுத்து விழுந்தாலும் ஜனாஸா தொழுகைக்கு முதல் ஆளாக வந்து நிற்க ஆரம்பித்தார். இறந்தவரை அடக்கம் செய்வதற்கு முன்னால் அவருக்காகத் தொழுகிற தொழுகை அது. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்கவில்லை. மரக்காணத்தில் யாரோ ஒரு மீன் வியாபாரிக்குக்கூட ஆட்டோ பிடித்துப் போனார். “நெஞ்சுல மோட்டர வெச்சிக்கினு ஒரு மனுசன் ஒரு ஜனாஸாவையும் விடாம வர்றாரு, நமக்குத்தான் சொகுசு,” என்று பள்ளிவாசலில் வாலிபர்களைத் திட்டுவதற்கு அவர் உதாரணமானார். சாவின் பக்கம் போய் வந்தவருக்குத்தான் சாவின் அருமை தெரியும் என்று ஜமாஅத்தில் ஒருவர் சொன்னாராம். மச்சான் தலையைக் குனிந்து அடக்கமாகக் கேட்டுக்கொண்டாராம். இதை என்னிடம் சொன்னதும் மச்சான்தான்.

ஐந்து வேளைத் தொழுகையை மட்டும் வீட்டில், அறைக்குள் வைத்துக்கொண்டார். பேட்டரி குறைந்தால் பீப் பீப் என்று சத்தம் வருகிறது, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று அக்காவிடம் காரணம் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு தொழுவார். தலையணை இரண்டாக இருந்தது மூன்றானது. கேஸ் டிரபிள் என்றார். கணுக்காலில் சாக்ஸின் தடம் பதிந்தது. அக்கா குழம்பில் உப்பைக் குறைத்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கிறது. ஆனால் தினமும் காலையில் ஐந்தே முக்கால், ஆறு என்று திரை சொல்லும்போது, மெஷினை நம்புவதா தன் சந்தேகத்தை நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தை மாதம் ஹுமைராவின் மாமனாருடைய அண்ணன் விழுப்புரத்தில் காலமானார். அன்றைக்கு நான் கோட்டக்குப்பத்தில் இருந்ததால் என் காரிலேயே மச்சானை அழைத்துக்கொண்டு போனேன். வளவனூரில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் பையைத் திறந்து இரண்டு பேட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினார். என் தொழில் அது, அதனால் நன்றாகப் பார்த்தேன். நிறைய சார்ஜ் இருந்த புது ஜோடி.

விழுப்புரம் பள்ளிவாசலில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் ஜனாஸா தொழுகை என்று சொல்லியிருந்தார்கள். நான் கைகால் கழுவி ஒளு செய்யப் போனேன். மச்சான் காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“வர்லியா மச்சான்?”

“பேட்டரி மாத்தணும். நீ ஜல்தியா போ, தொழுவ ஆரம்பிச்சிடுவாங்க. நான் பின்னாலயே வர்றேன்.”

அஸர் தொழுது முடித்து, இறந்தவரின் மையத்தை முன்னால் கொண்டுவந்து வைத்து எல்லோரும் எழுந்து நின்றபோது, எனக்குப் பக்கத்தில் மச்சான் வந்து தோளோடு தோள் சேர்த்து நின்றார். முகத்தில் பக்தி. அவரை அறிந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் கடையில் வேலை இல்லாத நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்தேன். மற்றதைப் பேசிவிட்டு, “மச்சானுக்குப் பேட்டரி மாத்துறதே பொழப்பா போச்சிக்கா. வளவனூர்ல மாத்தினாரு, பள்ளிவாசல் வாசல்ல மறுபடி மாத்தணும்னு ஒக்காந்துட்டாரு. அஸர் போச்சி,” என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. “அஸருக்கு உள்ள வர்லியா?”

“இல்ல. ஜனாஸாவுக்கு கரெக்டா வந்துட்டாரு.”

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“ஜனாஸாவுல சஜ்தா கெடையாதுல்ல தம்பி,” என்றாள். “நின்னுக்கினே தொழுவுறது. குனியக்கூட வேணாம்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஜனாஸாவில் நின்றிருக்கிறேன். ஊரே மெச்சிய பக்திக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தரையில் தலையை வைக்க முடியவில்லை. நின்றால் மட்டும் முடிகிறது. அதனால் நின்று தொழுகிற இடங்களாகத் தேடித் தேடிப் போயிருக்கிறார்.

“ஞாயித்துக்கெழம வா,” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

நான் போனபோது மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடித்திருந்தது. அக்கா கூடத்தில் நடுவாகத் தொழுகைப் பாயை விரித்து வைத்திருந்தாள். மச்சான் அறைக்குள் போகப் பார்த்தார். அவள் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“என்னாங்க, இங்கியே தொழுவுங்க.”

“உனுக்கு என்னா ஆச்சி? தம்பி வந்துகீறான், டீ போடு.”

“தொழுவுங்க. நான் பாக்கணும்.”

“தொழுவுறத வேடிக்க பாப்பாங்களாடி? பேஜாரு புடிச்சவ.” என்னைப் பார்த்து, “நீ கேளு மச்சான் இத,” என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவருக்கு வேறு வழி இல்லை. பாயில் நின்றார். நின்றவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பையைப் பக்கத்தில் வைத்து, கையை ஊன்றி, நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. இரண்டாவது முறை குனிந்தவர் எழவில்லை. தூக்கப்போன என் கையை அக்கா தட்டிவிட்டாள். தானே அவர் மார்புக்கு அடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். இடுப்பில் இருந்த கண்ட்ரோலரை அக்கா எடுத்துப் பட்டனை அழுத்திப் பார்த்தாள். லிட்டர் ஆறே கால் என்றது.

“எத்தினி நாளா?” என்றாள்.

“மழ சமயத்துலேருந்து.”

“ஏன் சொல்லல?”

அவர் மூச்சு கொஞ்சம் அடங்கும் வரைக்கும் காத்திருந்தார். “மறுபடி கொண்டுபோயி நாற்காலியில ஒக்கார வெச்சிடுவீங்க,” என்றார். பிறகு, “மறுபடி நெஞ்ச அறுப்பானுங்க பல்கீசு. பயமா கீது,” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலமே காரை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். பெரிய ரத்த நாளத்தின் வாசலில் ஒரு வால்வு உண்டு, கதவு மாதிரி. வெளியே போன ரத்தம் மறுபடி இதயத்துக்குள் வராமல் அது தடுக்க வேண்டும். பம்பு வைத்த பிறகு ரத்தமெல்லாம் பம்பு வழியாகவே போய்விடுவதால் அந்தக் கதவு திறக்காமல் எப்போதும் மூடியே கிடக்கிறது. அப்படிக் கிடந்தே சிலருக்கு இதழ்கள் ஒட்டி, சுருங்கி, ஒழுக ஆரம்பித்துவிடும். பம்பு வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஒரு பங்கு ஒழுகி உள்ளே திரும்புகிறது. திரும்பியதைப் பம்பு மறுபடி தள்ளுகிறது.

“அப்ப லிட்டர் ஏறினது?” என்றார் மச்சான்.

“பம்பு தன் வழியாப் போறத மட்டும்தான் கணக்கு சொல்லும். ஒடம்புக்குப் போய்ச் சேர்ந்துதான்னு அதுக்குத் தெரியாது. ஒரே ரத்தம் சுத்திச் சுத்தி வந்திருக்கு. ஒடம்புக்குக் கொறஞ்சிடுச்சி.”

“ஒரே பெட்டிய எறக்கி எறக்கித் தராசுல ஏத்திக்கினு இருந்திருக்கேன். ஊருக்கு ஒண்ணும் போய்ச் சேரல,” என்றார் மச்சான். தராசைத் திட்டவில்லை.

முதலில் பம்பின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வேகம் குறைந்தால் இதயம் தன் பங்குக்குக் கொஞ்சம் ரத்தத்தை அந்தக் கதவு வழியாகத் தள்ளும், ஒழுகலும் குறையும் என்றார்கள். மறுநாள் மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று எழுந்து நின்றாள்.

“தம்பி, நாடி அடிக்குது.”

இந்தப் பம்பு நிறுத்தாமல் ஒரே சீராக ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அதனால் அதை வைத்துக்கொண்டவர்களில் பலருக்கு நாடி கைக்கு அகப்படாது. மச்சானுக்கும் அப்படித்தான். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அக்கா அந்த மணிக்கட்டில் எதையும் உணர்ந்ததில்லை. இப்போது மெலிதாக, விட்டு விட்டு, ஏதோ துடித்தது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். இருந்தது. அவள் ஹுமைராவைக் கூப்பிட்டுச் சொன்னாள், ஹக்கீமைக் கூப்பிட்டுச் சொன்னாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் வீடு திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது.

ஆனால் காலில் வீக்கம் வடியவில்லை. சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. மச்சான் பேசும்போதே தூங்கிப் போனார். டாக்டர் அம்மா மறுபடி எங்களை அழைத்தார். குறைந்த வேகத்தில் உடம்புக்கு ரத்தம் போதவில்லை, வேகத்தைக் கூட்டினால் ஒழுகுகிறது. புது வால்வு வைத்தால் பிடித்து நிற்காது என்று ஸ்கேனில் தெரிகிறது. அதனால் தொடை வழியாக ஒரு அடைப்பானைக் கொண்டுபோய் அந்தக் கதவையே முழுவதும் அடைத்துவிடலாம். நெஞ்சை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. இதுவரை பம்பு நின்றாலும் அவருடைய இதயம் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்க ஒரு வழி இருந்தது. அடைத்துவிட்டால் பம்பு மட்டும்தான் வழி. இந்த நாடியும் இருக்காது.

“வாசல அடைக்கிறதா?” என்றாள் அக்கா. “இப்பத்தான தொறந்துது?”

டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்லுங்கள், ரொம்ப நாள் யோசிக்க நேரம் இல்லை என்றார்.

கையெழுத்துப் போட வேண்டியவர் மச்சான். அவரிடம் கேட்டபோது, கண்ணைத் திறக்காமலே, “அவ சொல்லட்டும்,” என்றார். “என் கணக்கு மேல எனக்கே நம்பிக்க போயிடுச்சி மச்சான். எடையெல்லாம் தப்பாவே சொல்லிக்கினு இருந்திருக்கேன்.”

அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “நீ பேட்டரிக்காரன்தான, நீ சொல்லு. அது நின்னுடாதுல்ல?”

முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிற்காதுங்க, நான் கேரண்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவளிடம் அது வாயில் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. “தெரியலக்கா,” என்றேன். “என்னால முடிஞ்சத எல்லாம் பாத்துக்குவேன். நிக்கவே நிக்காதுன்னு என்னால சொல்ல முடியாது.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “நீயாவது உண்ம சொன்னியே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று பகல் முழுவதும் அவள் அவர் மணிக்கட்டை விடவில்லை. ஹுமைரா சாப்பாடு கொண்டுவந்தாள், இடது கையால் தள்ளிவிட்டாள். நர்ஸ் வந்து ஊசி போட அந்தக் கையைக் கேட்டபோது, அடுத்த கையில் போடுங்கம்மா என்றாள். மச்சான் விழித்துக்கொண்டபோதெல்லாம், “இருக்குதா?” என்று கேட்பார். “இருக்குது,” என்பாள். அவர் மறுபடி தூங்கிவிடுவார். ஒவ்வொரு முறையும் விழித்துக்கொள்ள அவருக்கு முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. அதை அவளும் கவனித்திருக்கிறாள். அஸர் நேரத்தில் தொழுதுவிட்டு வந்தவள், நேராக நர்ஸிடம் போய், டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள்.

“அடச்சிடுங்கம்மா,” என்றாள்.

மறுநாள் காலையில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். லிப்ட் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கதவு மூடுவதற்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளிய பையன் மரியாதையாக, “விடுங்கம்மா,” என்றான். விட்டாள். பிறகு நானும் ஹுமைராவும் பேசினோம், டீ குடித்தோம், ஹக்கீமின் போனுக்குப் பதில் சொன்னோம். அக்கா உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு மச்சானுக்காக நான் கேட்ட துஆவைப் போல என் வாழ்நாளில் வேறு எதற்கும் கேட்டதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு கலைப்பிரியா வந்து, அடைப்பான் சரியாக உட்கார்ந்துவிட்டது, ஒழுகல் நின்றுவிட்டது, பம்பின் வேகத்தைக் கூட்டியிருக்கிறோம் என்றாள். ஒரு ஆள் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றாள். அக்கா போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் பார்த்தோம். மச்சானுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. ஆனால் உதட்டில் நிறம் வந்திருந்தது, நகங்களிலும் வந்திருந்தது. சிறுநீர்ப் பையைக் காட்டி நர்ஸ் ஏதோ சொன்னாள், அக்கா தலையாட்டினாள். பிறகு குனிந்து, அவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

வெளியே வந்தவளிடம் ஹுமைரா ஓடினாள். “அத்தா எப்டி கீறாரும்மா? நாடி பாத்தியே, இருக்குதா?”

அக்கா அவளைத் தாண்டி என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

“ஒண்ணுமே இல்ல தம்பி,” என்றாள். “நல்லா இருக்காரு.”